கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை: விண்டோஸை மாற்றிய பின் என்ன செய்யலாம்?

“கணினிக்குப் புதிதாக விண்டோஸ் போட்டேன். பழைய படங்களும் ஆவணங்களும் டிஸ்க்கில் அப்படியே இருக்கின்றன. ஆனால் திறக்க முடியவில்லை.” இந்தக் குறையை இப்போது அடிக்கடி கேட்க முடிகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததும், பலர் புதிய பதிப்புக்கு மாறி வருவது இதற்கு ஒரு காரணம்.

பூட்டிய கோப்பு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், பூட்டு மூன்று வகைப்படும். ஒன்று எளிதில் திறக்கும். மற்ற இரண்டும் சாவி இல்லாமல் திறக்கவே திறக்காது. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் அழிக்காதீர்கள், யாரிடமும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் வகை: அனுமதிப் பூட்டு

கோப்புறையைத் திறந்தால் ‘அக்சஸ் டினைட்’ என்றோ, உங்களுக்கு அனுமதி இல்லை என்றோ செய்தி வரும். காரணம் இதுதான். விண்டோஸ் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் ஓர் அடையாள எண் தருகிறது. கோப்பின் உரிமையாளர் யார் என்பதை அது பெயரால் அல்ல, அந்த எண்ணால்தான் குறித்து வைக்கிறது. ஒரே பெயரில் இருவர் இருந்தாலும் அடையாள அட்டை எண் வேறுபடுகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். புதிய விண்டோஸில் அதே பெயர், அதே கடவுச்சொல் வைத்தாலும் எண் புதியது. அதனால் கணினிக்கு நீங்கள் வேற்று ஆள்.

இந்தக் கோப்புகள் உருமாறவில்லை. உரிமையை மாற்றினால் போதும். நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, பழைய கோப்புறையின் மேல் வலது பொத்தானைச் சொடுக்கி ‘பிராப்பர்டீஸ்’ செல்லுங்கள். அதில் ‘செக்யூரிட்டி’, பிறகு ‘அட்வான்ஸ்ட்’. மேலே ‘ஓனர்’ என்பதற்குப் பக்கத்தில் உள்ள ‘சேஞ்ச்’ பொத்தானை அழுத்தி, உங்கள் புதிய கணக்கின் பெயரைக் கொடுங்கள். உட்கோப்புறைகளுக்கும் உரிமையாளரை மாற்றும்படி கேட்கும் கட்டத்தில் குறியிட்டு ‘ஓகே’ கொடுங்கள். மீண்டும் ‘செக்யூரிட்டி’ பகுதிக்கு வந்து உங்கள் கணக்குக்கு ‘ஃபுல் கண்ட்ரோல்’ அனுமதி கொடுத்தால் வேலை முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. இதை உங்கள் பழைய கோப்புறைக்கு மட்டும் செய்யுங்கள். சி டிரைவ் முழுமைக்கும் செய்தால் விண்டோஸே தடுமாறும்.

இரண்டாம் வகை: மறையாக்கப் பூட்டு

விண்டோஸ் 2000இல் அறிமுகமான வசதி இது. இப்போதும் விண்டோஸின் புரோ பதிப்புகளில் இருக்கிறது. ‘என்கிரிப்ட்’ என்ற கட்டத்தில் ஒரு குறியிட்டால் கோப்பின் உள்ளடக்கமே புரியாத குறிகளாக மாறிவிடும். பழைய பதிப்புகளில் இத்தகைய கோப்பின் பெயர் பச்சை எழுத்தில் தெரியும். விண்டோஸ் 10, 11இல் சின்னத்தின் மேல் சிறிய பூட்டுப் படம் இருக்கும்.

இங்கே உரிமையை மாற்றிப் பயனில்லை. கோப்பைத் திறக்கும் சாவி உங்கள் பழைய பயனர் கணக்கின் கோப்புறைக்குள் இருந்தது. அந்தச் சாவியைக் காத்தது உங்கள் பழைய கடவுச்சொல். சி டிரைவை ஃபார்மேட் செய்தபோது சாவியும் போய்விட்டது. கோப்புகள் டி டிரைவில் பத்திரமாக இருந்தும் திறக்காததற்கு இதுவே காரணம்.

இந்த நிலையில் நான்கு இடங்களில் தேடிப் பார்க்கலாம்.

ஒன்று, முன்பு எப்போதாவது சாவியைப் படியெடுத்து வைத்தீர்களா? பழைய பென் டிரைவ்களிலும் சிடிகளிலும் ‘பிஎஃப்எக்ஸ்’ என்று முடியும் கோப்பைத் தேடுங்கள். அதை இருமுறை சொடுக்கி, அப்போது வைத்த கடவுச்சொல்லைக் கொடுத்தால் சாவி கணினிக்குள் வந்துவிடும்.

இரண்டு, ஃபார்மேட் செய்யாமல் புதிய விண்டோஸ் போட்டிருந்தால் சி டிரைவில் ‘விண்டோஸ் டாட் ஓல்ட்’ என்ற கோப்புறை இருக்கும். பழைய கணக்கும் அதன் சாவியும் அதனுள் இருக்கலாம். மேம்படுத்திய 10 நாள்களில் விண்டோஸ் இதைத் தானாக நீக்கிவிடும் என்பதால் உடனே வெளி டிஸ்க்கில் படியெடுங்கள். பழைய கடவுச்சொல் நினைவிருந்தால், விவரம் தெரிந்தவர் இதிலிருந்து சாவியை மீட்க வழியுண்டு.

மூன்று, அது அலுவலகக் கணினியா? நிறுவனங்கள் பொதுச் சாவி ஒன்றை வைத்திருப்பதுண்டு. கணினிப் பிரிவிடம் கேளுங்கள்.

நான்கு, ஃபார்மேட் செய்து சற்று நேரமே ஆகியிருந்தால் கணினியை உடனே அணைத்துவிடுங்கள். பயன்படுத்தப் பயன்படுத்த, பழைய சாவி இருந்த இடத்தில் புதியது எழுதப்படும். சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க்கில் மீட்பு மென்பொருளுக்கு ஓரளவு வாய்ப்புண்டு. எஸ்எஸ்டி வகையில் வாய்ப்பு மிகக் குறைவு.

நான்கும் கைகொடுக்கவில்லை என்றால் உண்மையை ஏற்கத்தான் வேண்டும். சாவி இன்றி அந்த மறையாக்கத்தை உடைக்க நடைமுறையில் வழியில்லை. “எப்படியும் திறந்து தருகிறோம், முன்பணம் கொடுங்கள்” என்பவர்களை நம்ப வேண்டாம். ஆனாலும் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். ஒரு பழைய சிடி என்றாவது கிடைக்கலாம்.

மூன்றாம் வகை: டிஸ்க் முழுவதற்கும் பூட்டு

‘பிட்லாக்கர்’ என்ற வசதி தனிக் கோப்பை அல்ல, டிரைவ் முழுவதையும் மறையாக்குகிறது. இதில் கவனிக்க வேண்டியது, நாம் கேட்காமலே இது இயங்கிவிடலாம் என்பதுதான். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் மறையாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. வீட்டுக்கான ஹோம் பதிப்பும் இதில் அடக்கம்.

இதன் மீட்புச் சாவி 48 இலக்க எண். நீங்கள் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே அது பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசி வழியாக அக்கணக்கில் நுழைந்து பார்க்கலாம். கணக்கை அமைத்துக் கொடுத்தது மகனோ மருமகளோ என்றால், அவர்கள் கணக்கிலும் தேடச் சொல்லுங்கள்.

கடைக்குக் கொடுக்குமுன்

கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, “என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்ய வேண்டாம்” என்று முதலில் சொல்லுங்கள், ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். கணினி ஓடும் நிலையில் இருந்தால் நான்கு வேலைகளை முடித்துவிடுங்கள். வேண்டிய கோப்புகளை வெளி டிஸ்க்கில் படியெடுங்கள். அவை வேறொரு கணினியில் திறக்கின்றனவா என்று பாருங்கள், ஏனென்றால் மறையாக்கத்தோடு போன படி அங்கே திறக்காது. மறையாக்கம் செய்திருந்தால், விண்டோஸ் தேடலில் ‘மேனேஜ் ஃபைல் என்கிரிப்ஷன் சர்டிஃபிகேட்ஸ்’ என்று தேடி, சாவியைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பிட்லாக்கர் எண்ணையும் பழைய கடவுச்சொல்லையும் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

பிள்ளைகளின் சிறுவயதுப் படங்களும், மறைந்த பெற்றோரின் குரல் பதிவும் இன்று கணினிக்குள்தான் இருக்கின்றன. விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகப் போடலாம். அவற்றை மீண்டும் எடுக்க முடியாது. சாவியை வெளியே எடுத்து வைக்க அரைமணி நேரம் போதும்.