புகார் கொடுத்தவருக்கு நூலகம் எப்படி உதவலாம்?

தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் அடி விழுந்தால் பக்கத்து நான்கு வீட்டுக்கும் சத்தம் கேட்கும். ஆனாலும் அடிபட்ட பெண் மறுநாள் வாய் திறப்பதில்லை. குடியிருக்கும் வீடு கணவன் பேரில் நிர்வாகம் கொடுத்தது. அவன் வேலை போனால் வீடும் போகும். போலீஸ் நிலையத்துக்குப் போனால் சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிடும். நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், பகாவ், கெமெஞ்சே வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களையும் இந்தப் பயம் விடவில்லை.

பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குப் போகிற பெண்ணை மட்டும் யாரும் நிறுத்தி விசாரிப்பதில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான தகவல் நூலகத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். கட்டணம் இல்லை, கேள்வி இல்லை, உட்கார நாற்காலி உண்டு, கணினியும் உண்டு. அங்கே தமிழில் ஒரு கோப்பு இருந்தால் போதும். அதில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் மருத்துவமனை. அடிபட்டவர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் தனி ஏற்பாடு உண்டு. ஓஎஸ்சிசி என்பார்கள். 1990-களின் நடுவில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையில் சிகிச்சை, மருத்துவ அறிக்கை, போலீஸ், சமூகநல அதிகாரி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். பாலியல் வன்முறை என்றால் குளிக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் போவது நல்லது. கர்ப்பத்தையும் எச்ஐவியையும் தடுக்கும் மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இந்த ஒரு வரி தெரியாததால் மூன்று நாளும் அழுதே கழிந்துவிடுகிறது.

அடுத்து போலீஸ் புகார். "சம்பவம் எங்கள் வட்டாரத்தில் நடக்கவில்லை, அங்கே போங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. மலேசியாவில் எங்கே நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு. நீங்கள் வாயால் சொன்னதை அதிகாரி எழுதி, எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். புகார் மலாய் மொழியில் இருக்கும். மலாய் சரளமாக வராத பாட்டிகளும் அம்மாக்களும் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தேதி, இடம், அடித்த பொருள், முன்பு எப்போதெல்லாம் நடந்தது, இவை எல்லாம் அந்தத் தாளில் இருக்கின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்திடுங்கள். மேலே இருக்கும் புகார் எண்ணில் நிலையத்தின் பெயர், வரிசை எண், ஆண்டு மூன்றும் வரும். அதைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு போகிற எல்லா அலுவலகத்திலும் முதலில் கேட்பது அதைத்தான்.

பலருக்கும் தெரியாத பிரிவு 107ஏ. புகார் கொடுத்து நான்கு வாரம் ஆன பிறகும் தகவல் இல்லையென்றால், வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்களில், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று நிலையத் தலைவரிடம் கேட்கும் உரிமை புகார்தாரருக்கு உண்டு. கேட்ட இரண்டு வாரத்துக்குள் அவர் நிலை அறிக்கை தர வேண்டும். விசாரணையைக் கெடுக்கும் விவரங்களை மட்டும் தவிர்க்கலாம். தராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுதலாம். இதற்கு நான்கு வரிக் கடிதம் போதும். அந்தக் கடிதத்தின் மாதிரி மலாயில் ஒரு பக்கம், அதன் பொருள் தமிழில் எதிர்ப்பக்கம் என்று நூலகக் கோப்பில் இருந்தால், பெயரையும் புகார் எண்ணையும் நிரப்பினால் வேலை முடிந்தது. கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து எழுதி வாங்கத் தேவையில்லை.

குடும்ப வன்முறைக்கு 1994-ஆம் ஆண்டின் 521-ஆம் சட்டம் இருக்கிறது. 2017-இல் செய்த திருத்தத்தின்படி, சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்க முடியும். இதற்குப் போலீஸ் புகார் முன்கூட்டியே இருக்க வேண்டியதில்லை. புகார் கொடுத்தபின் விசாரணை முடியும்வரைக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்கிற பெண்ணுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். "பதிவே இல்லை, உனக்கு என்ன உரிமை?" என்று பயமுறுத்தி வாயை அடைப்பது தோட்டங்களில் கேட்டுப் பழகிய பேச்சு. அது சட்டப்படி தவறு.

வழக்கில் குற்றம் நிரூபணமானால் இழப்பீடும் கேட்கலாம். அரசுத் தரப்பு வழக்கறிஞர்தான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே விசாரணை அதிகாரியிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். மருந்துச் சீட்டு, டாக்சிக் கட்டணம், இழந்த நாள்சம்பளம் எல்லாவற்றுக்கும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பணமோசடிக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். வேலை ஓய்ந்ததும் சேமநிதிப் பணம் மொத்தமாகக் கைக்கு வருகிறது. அதைக் குறிவைத்து "நான் போலீஸ் பேசுகிறேன்", "வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்று தொலைபேசி வருகிறது. பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே 997-க்கு அழைக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும். அனுப்புவதற்கு முன்பே சந்தேகம் வந்தால், போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். நூலகக் கணினியில் இரண்டு நிமிட வேலை.

இனி நூலகப் பணியாளர்களுக்கு. நீங்கள் வக்கீலாகவும் ஆலோசகராகவும் ஆக வேண்டியதில்லை. என்ன நடந்தது என்று துருவிக் கேட்கவும் வேண்டாம். தாளை எடுத்துக் கொடுத்து, படிவத்தைக் காட்டி, தொலைபேசி பேச ஒரு மூலையை ஒதுக்கினால் போதும். சான்பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009-இல் முழுநேரச் சமூகப் பணியாளரையே அமர்த்தியது. நம் கிளை நூலகங்களுக்கு அந்த வசதி இப்போதைக்கு இல்லை. ஆனால் சமூகநல அலுவலகத்திலிருந்து மாதம் ஒருமுறை ஒருவர் வந்து உட்காரச் சொல்லிக் கேட்கலாமே.

கோப்பை யாருடைய பெயரையும் பதியாமல் எடுத்துப் படிக்க விட வேண்டும். கணினியில் பார்த்த பக்கங்கள் அடுத்தவருக்குத் தெரியாதபடி அழிந்துவிட வேண்டும். பெரிய துண்டறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோவது சில பெண்களுக்கு ஆபத்து. கணவன் கண்ணில் பட்டால் அதற்கும் அடி விழும். அதனால் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் சிறு சீட்டுகளை ஒட்டி வைக்கலாம். அதில் 15999 என்ற எண் மட்டும் இருந்தால் போதும். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசிஹ் உதவி எண் அது. கைப்பேசி உறைக்குள் மடித்து வைக்கிற அளவே இருக்கட்டும்.

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் பேருந்து கிடைப்பதே பாடு என்பது எனக்குத் தெரியும். ஆனால் நூலகமும் ஆளைத் தேடி வரலாம். 1931-இல் தமிழ்நாட்டில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகத்தை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். தொடங்கி வைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். நடமாடும் நூலக வண்டி வருகிற இடங்களில் இந்தக் கோப்பின் ஒரு பிரதி வண்டியில் இருக்கலாம். வராத இடங்களில் தமிழ்ப்பள்ளி நூலக அலமாரி இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைத்தால் ஒரு வாரத்தில் தயாராகிவிடும். சட்டத்தின் அதிகாரபூர்வ வாசகம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருப்பதால், தமிழில் எழுதியதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். முதல் பக்கத்தில் கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணுக்கும் அழைத்துப் பார்த்து, மாறியதைத் திருத்தி, பழைய தாளை எடுத்துவிடுங்கள்.