ஒரு அப்டேட்டில் கூலிக் கணக்கு குழம்புமா? பழைய ஸ்கிரிப்ட் உடையாமல் கட்டளையை மாற்றுவது எப்படி?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நெசவாளர்கள் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு சேலையையும் போட்டோ எடுத்து, 'மயில் பார்டர் 12' என்பதுபோல டிசைன் பெயரிலேயே லினக்ஸ் கம்ப்யூட்டரில் சேமிக்கிறார். தினமும் ராத்திரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தானாக ஓடும். அந்தப் பெயர்களை வாசித்து, கூலிப் பட்டியலோடு ஒப்பிட்டு, யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும். அதை எழுதிக் கொடுத்த பையன் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

ஒருநாள் அப்டேட் வருகிறது. பெயர்களைச் சுற்றி மேற்கோள் குறி முளைக்கிறது. மனிதக் கண்ணுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஸ்கிரிப்டுக்கோ அது வேறு பெயர். பட்டியலில் பொருந்தாது, கூலி பூஜ்யம்!

ஜக்கார்டு தறி ஓட்டுபவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெட்டியில் ஏறும் துளையிட்ட அட்டைகளும் ஒருவகை ஸ்கிரிப்ட்தானே? பெட்டியில் ஊசி வரிசையை மாற்றிவிட்டுப் பழைய அட்டையையே மாட்டினால், முந்தானையில் மயில் வராது.

2016-ல் நடந்தது என்ன?

வியாபாரி கற்பனை. மேற்கோள் குறி கற்பனை இல்லை. லினக்ஸில் ஃபைல் பட்டியலைக் காட்டும் கட்டளை 'எல்எஸ்'. 2016 ஜனவரியில் வந்த குனு கோர்யூட்டில்ஸ் 8.25 பதிப்பில், இடைவெளி உள்ள பெயர்களை அது மேற்கோள் குறிக்குள் காட்டத் தொடங்கியது. காரணம் நியாயமானது. 'மயில் பார்டர்' என்பது ஒரு ஃபைலா, இரண்டா என்று பழைய முறையில் பார்த்தவுடன் சொல்ல முடியாது.

அப்படியானால் உலகம் முழுக்க ஸ்கிரிப்டுகள் உடைந்திருக்க வேண்டுமே? இல்லை. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தன் வெளியீடு போய்ச் சேரும் இடம் மனிதர் பார்க்கும் திரையா, இன்னொரு புரோகிராமா என்று 'எல்எஸ்' முதலில் சோதிக்கும். திரை என்றால் மட்டும் மேற்கோள் குறி. புரோகிராமுக்குப் போனால் பழையபடி வெறும் பெயர். திரையில் பல வரிசையாகவும், புரோகிராமுக்கு வரிக்கு ஒன்றாகவும் தருவது அதன் பழைய வழக்கம்தான். அதே வழியில் இதையும் நுழைத்தார்கள். அப்படியும் பயனர்கள் பலர் கோபப்பட்டார்கள். கண்ணுக்குப் பழகியது மாறினால் சும்மா விடுவார்களா? வேண்டாம் என்பவர்களுக்கு அணைத்துவைக்கும் வசதியும் உண்டு.

நடத்தையையே மாற்ற வேண்டும் என்றால்?

அப்போது இந்த வித்தை போதாது. அவகாசம் கொடுக்க வேண்டும். 'கிட்' மென்பொருளின் 'புஷ்' கட்டளை, எந்தக் கிளை என்று சொல்லாவிட்டால், பெயர் பொருந்தும் எல்லாக் கிளைகளையும் அனுப்பிவிடும். இது ஆபத்து என்று தெரிந்தும் உடனே மாற்றவில்லை. இயல்பு நடத்தை மாறப்போகிறது என்று 2012-லிருந்தே திரையில் எச்சரித்தார்கள். பழையதே வேண்டுமானால் அமைப்பில் எழுதிவைக்கவும் வழி கொடுத்தார்கள். மாற்றம் அமலானது 2014 மே மாதம், 2.0 பதிப்பில்.

ஆனால் எச்சரிக்கையே வம்பாவதும் உண்டு. 2022-ல் குனு கிரெப் 3.8, 'ஈகிரெப்' கட்டளை காலாவதியாகிறது என்று ஒரு வரி எச்சரிக்கை காட்ட ஆரம்பித்தது. அந்த ஒரு வரியைப் பிழை என்று நினைத்துச் சில தானியங்கிச் சோதனைகள் நின்றன.

மாற்றவே துணியாத கதையும் இருக்கிறது. 1976-ல் பெல் ஆய்வகத்தில் 'மேக்' கருவியை உருவாக்கிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன், வரியின் தொடக்கத்தில் டேப் கட்டாயம் என்ற விதி தவறு என்று சீக்கிரமே உணர்ந்தார். அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார். விதி இன்றும் நீடிக்கிறது. டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் அடித்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நம் போனிலும் இதே கதைதான்

யுபிஐ பரிவர்த்தனை அடையாள எண்ணில் எழுத்தும் எண்ணும் மட்டுமே இருக்க வேண்டும் என்று 2024-லேயே என்பிசிஐ சொல்லிவிட்டது. சிறப்புக் குறியீடு கலந்தவை நிராகரிக்கப்படும் என்பது 2025 பிப்ரவரி 1 முதல் அமலானது. திருத்த வேண்டியது செயலி நிறுவனங்களும் வங்கிகளும்தான். பணம் அனுப்புபவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

நம் வியாபாரியின் ஸ்கிரிப்ட் 'எல்எஸ்' வெளியீட்டை இன்னொரு புரோகிராமுக்கு அனுப்பும் ரகம் என்பதால், 2016 மாற்றத்தைத் தாண்டியும் கூலிக் கணக்கு ஒழுங்காகவே ஓடியிருக்கும்.