தராசடியில் யார் நிற்கிறார்?

தேத்தண்ணி ஆறுவதற்குள் குடியுங்கள், ஆறுதலாகச் சொல்கிறேன். இலங்கை மலையகத்தில் நாவலப்பிட்டியிலிருந்து தொலஸ்பாகைப் பக்கம் ஏறினால் தேயிலை மலைதான். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் போடுகிறவர், நிரை பிரிக்கிற கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை எல்லோரும் பெரும்பாலும் ஆண்கள். ஆண் பெண் சமத்துவம், மன ஒருமை, கூட்டு வேலை என்று அலுவலகங்களில் பேசுகிறார்களே, அந்த மூன்றையும் இங்கே கொழுந்து நிறுக்கும் தராசடியில் பார்க்கலாம்.

இரண்டு இலை, ஒரு கொழுந்து பார்த்துக் கிள்ளுவதற்குக் கண்ணும் கையும் ஒன்றாய் நிற்கவேண்டும். முற்றின இலை சேர்ந்தால் தரம் போச்சு. சாக்கில் அமுக்கி அடைத்தால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். பிறகு எவ்வளவு கெட்டிக்கார டீமேக்கர் இருந்தாலும் அதை மீட்க முடியாது. லொறி, வாட்டுவது, உருட்டுவது என்று பின்னால் வரும் அத்தனை பேருடைய வேலையும் அந்த முதல் கையை நம்பித்தான் இருக்கிறது.

அந்தக் கைக்காரிக்குக் கேள்வி கேட்க இடம் உண்டா? ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கிலோ கழிப்பார்கள். சொன்ன கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். எவ்வளவு கழித்தீர்கள் என்று கேட்டவளை வாயாடி என்று ஒதுக்கினால் அடுத்த நாள் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அங்கே கூட்டு வேலை செத்துவிடுகிறது.

1984 வரை பெண்ணின் நாட்சம்பளம் ஆணுடையதைவிடக் குறைவு. அந்த வருடம் சங்கங்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்துதான் சமமாக்கின. நேரம் இன்னும் சமமாகவில்லை. புல்வெட்டு, கவாத்து பல தோட்டங்களில் மத்தியானத்தோடு முடியும். கொழுந்துக்காரி அந்தி நிறுவை வரைக்கும் மலையில். பிறகு லயத்தில் அடுப்பு. சங்கத்திலும் சமம் வரவில்லை. 1930களிலேயே மீனாட்சியம்மாள் நடேசய்யர் தொழிலாளர் மேடைகளில் பாடியும் பேசியும் மக்களைத் திரட்டினார். இன்றும் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்களில் பெண்கள் ஏராளம். தலைமை நாற்காலியில் அவர்களைக் காண்பது அபூர்வம்.

மனதை ஒருநிலைப்படுத்தும் வகுப்பு கொழுந்துக்காரிக்கு எதற்கு? நாள் முழுக்க அதைத்தானே செய்கிறாள். குறுக்கே பேசாமல் அவள் சொல்வதை முழுதாகக் கேட்கும் கவனம் மேலே இருப்பவர்களுக்குத்தான் வேண்டும்.

அண்மைய ஆண்டுகளில் சில தோட்டங்களில் பெண்களைக் கங்காணியாக்கியிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக் காம்பராவுக்குப் போகவேண்டும் என்று ஒரு பெண் கங்காணியிடம் கூச்சப்படாமல் சொல்லலாம். தோட்ட நிர்வாகத்தாரே, சங்கத் தலைவர்களே, அடுத்த தடவை கங்காணி வேலை காலியானால், நிரையில் நிற்கும் பெண்களை முதலில் கேளுங்கள்.