304 ஆட்டத்தில் முதற்கையின் சிக்கல்

யாழ்ப்பாணத்தில் நால்வர் கூடினால் 304 ஆட்டம் தொடங்கிவிடும். 32 சீட்டுகள், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளியில்லை. ஒரு சாதிக்கு 76 என நான்குக்கும் சேர்ந்ததே 304.

சீட்டுப் போட்டவரின் வலப்பக்கத்தவரே முதற்கை; அவரே முதலில் இறங்க வேண்டும். மற்றவர் ஆடும் சீட்டு எதையும் பார்க்காமலே அவர் ஆட வேண்டும். கடைசியாக ஆடுபவரோ மற்ற மூவரும் ஆடியதைப் பார்த்துவிட்டே முடிவெடுக்கிறார். போக்கரிலும் முந்தி ஆடுபவரின் இடர் இதுவே. 304இல் துரும்புச் சாதியைக் காட்டும் சீட்டு கவிழ்த்து வைக்கப்படுவதால் இருள் இன்னும் கூடுகிறது.

முதற்கையில் அதிகம் இழக்கச் செய்வது ஒன்பதுதான். அதே சாதியில் அதை வெல்லும் ஜாக் வெளியே இருக்கையில் ஒன்பதை இறக்கினால், அந்த ஜாக் எதிரணியிடம் இருக்கும்போது 20 புள்ளி கைமாறும். ஏழு அல்லது எட்டை இறக்கி, மூன்றாவதாக ஆடும் கூட்டாளியின் பலத்தை அறிவதே நல்லது. துரும்பல்லாத சாதியில் ஜாக் கையிலிருந்தால் கணக்கு மாறும்: அதைத் தொடக்கத்திலேயே இறக்க வேண்டும். சாதிக்கு எட்டுச் சீட்டே உள்ளதால், இரண்டாம் சுற்றில் ஒருவரிடம் அது தீர்ந்து துரும்பால் வெட்டப்படலாம்.

இரண்டாம் கைக்கு அவசரமில்லை. அவருடைய கூட்டாளியே கடைசியாக ஆடுகிறார். ஒரு சுற்றின் நான்கு சீட்டுகளான பிடியை வென்றவரே அடுத்ததைத் தொடங்க வேண்டியிருப்பதால், புள்ளியில்லாத பிடியை விட்டுக்கொடுத்துப் பிந்திய இடத்தைக் காப்பதும் தேர்ந்த ஆட்டமே.