கெய்ன்ஸ் – டிரிபுலேசன் முனை சாலைப் பயணம்

கெய்ன்ஸ் – டிரிபுலேசன் முனை சாலை, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடகிழக்குக் கரையோரமாகச் செல்லும் ஏறத்தாழ 140 கி.மீ. நீளமுள்ள பாதை. ஒருபுறம் பவளக்கடல், மறுபுறம் வெப்பமண்டல மழைக்காடு. ஆஸ்திரேலியா என்றதும் வகுப்பில் மாணவர்கள் பாலைவனம், செம்மறியாடு, கங்காரு என்றுதான் சொல்வார்கள். அந்தக் கண்டத்தில் அடர்ந்த மழைக்காடும் உண்டு என்பதைப் படத்தைக் காட்டித்தான் நம்ப வைக்க வேண்டியிருந்தது.

இங்கே மட்டும் மழைக்காடு ஏன்? மலைகள் கடலை ஒட்டியே எழுவதுதான் காரணம். டிரிபுலேசன் முனைக்கு அருகிலுள்ள தோர்ன்டன் சிகரம் 1,374 மீட்டர் உயரமுடையது. தென்கிழக்கிலிருந்து வீசும் தடக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து இம்மலைகளில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகப் பொழிகிறது. மலைக்கு அப்பால் மேற்கே சென்றால் காடு குறைந்து வறண்ட புல்வெளி வந்துவிடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பதும் இதுவே, திசைதான் வேறு.

பாதை

கெய்ன்ஸ் நகரிலிருந்து வடக்கே செல்வது கேப்டன் குக் நெடுஞ்சாலை. 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில், வேலையற்றோருக்கு வேலை கொடுக்கும் திட்டத்தில் அமைக்கப்பட்டு 1933இல் திறக்கப்பட்டது. போர்ட் டக்ளஸ் ஊருக்குப் பிரியும் இடம் வரை பெரும்பகுதி கடலோரமாகவே வளைந்து செல்லும். அடுத்து கரும்பு வயல்கள் சூழ்ந்த மாஸ்மன். இங்குள்ள மாஸ்மன் பள்ளத்தாக்கில் குக்கு யலாஞ்சி பழங்குடியினரே வழிகாட்டிகளாக இருந்து காட்டைச் சுற்றிக் காட்டுகின்றனர்.

பிறகு டெயின்ட்ரீ ஆறு. இதன் குறுக்கே பாலம் இல்லை. இரு கரைகளுக்கும் இடையே கட்டிய இரும்பு வடத்தைப் பற்றி நகரும் மிதவைப் படகில் வண்டியை ஏற்றிச் சில நிமிடங்களில் அக்கரை சேரலாம். ஆற்றில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிவந்த இவற்றுக்குக் குயின்ஸ்லாந்தில் 1974இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. எச்சரிக்கைப் பலகையை மதித்து நீரோரம் செல்லாமல் இருப்பதே அறிவுடைமை.

பாலம் கட்ட வேண்டும் என்ற கோரிக்கை பலமுறை எழுந்துள்ளது. அக்கரையில் குடியிருப்போருக்கு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போய்வர அது உதவும். ஆனால் பாலம் வந்தால் வண்டிகள் பெருகும், வீடுகள் பெருகும் என்ற அச்சமும் நியாயமானதே. 1980களின் தொடக்கத்தில் இந்தத் தாழ்நிலக் காட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டுமனைகள் பிரித்து விற்கப்பட்டன. அவற்றைத் திரும்ப விலைக்கு வாங்கிக் காடாக்கும் வேலை இன்னும் முடியவில்லை. பொதுப் பணமும் நன்கொடையும் இதற்காகச் செலவாகின்றன.

காட்டில் வாழ்பவை

ஆற்றைக் கடந்ததும் சாலை குறுகும். மரங்கள் மேலே கூடி நிழல் செய்யும். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டியிருந்த கோண்டுவானா பெருநிலத்தின் எச்சமான தாவரங்கள் பல இக்காட்டில் உள்ளன. அவற்றுள் ஒன்று இடியோஸ்பெர்மம். அழிந்துவிட்டதாக எண்ணப்பட்ட இம்மரம், 1971இல் டெயின்ட்ரீ பகுதியில் மாடுகள் இறந்தபோது மீண்டும் தெரியவந்தது. மாடுகளின் வயிற்றில் கிடந்த பெரிய நச்சு விதைகளே தடயம்.

கசோவரி என்னும் பறக்காத பெரும்பறவையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆள் உயரம் வளரும்; கழுத்து நீலம், தலையில் கொண்டை போன்ற புடைப்பு. பெண் பறவை பச்சை நிற முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். ஏறத்தாழ ஐம்பது நாட்கள் அடைகாத்து, பின் பல மாதங்கள் குஞ்சுகளை வளர்ப்பது ஆண் பறவையே. கசோவரி பழங்களை முழுதாக விழுங்கி விதைகளை நெடுந்தூரம் கொண்டுசென்று எச்சத்தோடு இடும். பெரிய விதையுள்ள மரங்கள் பல, பரவுவதற்கு இப்பறவையையே பெரிதும் நம்பியுள்ளன. வண்டி மோதி இறப்பது இப்பறவைக்கு முக்கியமான ஆபத்துகளில் ஒன்று. குஞ்சுகளோடு நடக்கும் தந்தை அடிபட்டால் குஞ்சுகளும் பிழைப்பது அரிது. எனவேதான் இச்சாலையில் மெதுவாகச் செல்லுமாறு பலகைகள் வைத்துள்ளனர். பறவைக்கு உணவிடுவதும் குற்றம். உணவு தேடிச் சாலைக்கு வரப் பழகிவிடும் என்பதே காரணம்.

முனையும் பெயரும்

1770 ஜூனில் ஜேம்ஸ் குக்கின் 'எண்டெவர்' கப்பல் இப்பகுதியில் பவளத்திட்டில் மோதிச் சேதமடைந்தது. தம் துன்பங்கள் இங்கே தொடங்கின என்பதால் 'துன்பம்' என்ற பொருள்படும் டிரிபுலேசன் என்ற பெயரை அவர் இந்த முனைக்கு வைத்தார். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே குக்கு யலாஞ்சி மக்கள் இதைக் குல்கி என்று அழைத்துவந்தனர். 2021 செப்டம்பரில் டெயின்ட்ரீ தேசியப் பூங்காவின் உரிமை கிழக்குக் குக்கு யலாஞ்சி மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அவர்களும் மாநில அரசும் இணைந்து பூங்காவை நிர்வகிக்கின்றனர். நம் பாடநூல்களில் குக்கின் பெயர் மட்டுமே இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இம்முனையில் உலக மரபுக்களங்கள் இரண்டு ஒன்றையொன்று தொடுகின்றன: 1981இல் பட்டியலில் சேர்ந்த பெருந்தடுப்புப் பவளத்திட்டு, 1988இல் சேர்ந்த ஈர வெப்பமண்டலக் காடு. தார்ச்சாலை இத்துடன் முடிகிறது. வடக்கே புளூம்ஃபீல்டு நோக்கிச் செல்லும் மண்பாதை நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு மட்டுமே. 1983இல் அப்பாதையை வெட்டத் தொடங்கியபோது, மண்ணில் கழுத்தளவு புதைந்தும் மரங்களில் தம்மைக் கட்டிக்கொண்டும் பலர் தடுத்தனர். பாதை 1984இல் திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் போராட்டம் எழுப்பிய கவனம் 1988 அறிவிப்புக்கு வழிகோலியது.

பயணக் காலம்

மே முதல் அக்டோபர் வரை ஏற்றது. ஏறத்தாழ நவம்பர் முதல் மே வரை கடலில் கொடிய நஞ்சுள்ள பெட்டி இழுதுமீன்கள் இருக்கும். கடற்கரைகளில் வினிகர் புட்டி வைத்திருப்பது, அவை தீண்டினால் உடனே ஊற்றுவதற்கே. 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயலை அடுத்து, சில இடங்களில் ஐந்தே நாட்களில் 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சென்னையின் ஓராண்டுச் சராசரியே ஏறத்தாழ 1,400 மி.மீ.தான். மலைச்சரிவுகள் இடிந்து நெடுஞ்சாலையும் ஆற்றுக்கு வடக்கேயுள்ள சாலையும் துண்டிக்கப்பட்டன. எனவே மழைக்காலத்தில் செல்வோர் சாலை திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துவிட்டு, ஆற்றைக் கடக்கும் முன் எரிபொருளையும் நிரப்பிக்கொள்ள வேண்டும்.