இடையில் ஏறுவோர்

தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரயிலில் நாகபுரியில் ஏறுகின்றவரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கையில் பெட்டியோடு வாயிலருகே நின்று, உள்ளே அமர்ந்திருப்போரின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவருடைய பயணச் சீட்டில் குறையொன்றும் இல்லை. அவர் போகும் ஊரும் நாம் போகும் ஊர்தான். ஆயினும் யாராவது இறங்கினால்தான் அவருக்கு இடம். ஒரு கல்லூரியில் ஓராண்டோ ஈராண்டோ படித்துவிட்டு, பெயர் பெற்ற வேறொரு பல்கலைக் கழகத்தில் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சேர விண்ணப்பிக்கும் மாணவரின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

நம் சங்கக் கூட்டங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. "முதல் ஆண்டு முடிந்துவிட்டது. இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. அமெரிக்காவில் ஒரு நல்ல பல்கலைக் கழகத்துக்கு மாறிக்கொள்ளலாமா, அண்ணா?" என்று இளைய மாணவர் கேட்கின்றனர். "அதெல்லாம் நடக்காது" என்பார் ஒருவர். "பணம் கட்டினால் ஏஜெண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்" என்பார் மற்றொருவர். இரண்டும் பிழை. இம்முறை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறியாமலே சிலர் உள்ள இடத்தையும் இழந்து நிற்பதால், அதனை இங்கே சற்று விரிவாகச் சொல்வது நல்லது என்று எண்ணுகிறேன்.

நம் நாட்டில் ஒருவன் எந்த வாயில் வழியாக நுழைந்தானோ அந்த வாயில் வழியாகவே வெளியேற வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். பதினேழு வயதில் எழுதிய ஒரு தேர்வு எந்த ஊர், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதையெல்லாம் முடிவு செய்துவிடுகிறது. ஒரு ஐ. ஐ. டி.யிலிருந்து இன்னொரு ஐ. ஐ. டி.க்கு இடையில் மாறிக்கொள்ளும் பொது வழி இல்லை. பல்கலைக் கழக மானியக் குழு 2021-ஆம் ஆண்டில் மதிப்பலகுகளைச் சேர்த்து வைக்கும் கல்வி வங்கி ஒன்றை விதிமுறைகளோடு ஏற்படுத்தியது. ஓரிடத்தில் ஈட்டிய மதிப்பலகுகளை வேறோரிடத்துக்குக் கொண்டு செல்லலாம். பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதியேனும் ஈட்டியிருக்க வேண்டும் என்பது அதன் விதி. நல்ல ஏற்பாடுதான். ஆனால், வங்கியில் பணம் இருப்பது வேறு, கடையில் சரக்கு இருப்பது வேறு அல்லவா? மதிப்பலகு கையில் இருப்பதனாலேயே மற்றொரு கல்லூரி உமக்கு இடம் தந்தாக வேண்டும் என்பதில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே இடையில் மாறுவது ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கல்வி அமைப்பின் ஓர் உறுப்பாகவே இருந்து வருகிறது. சிகாகோப் பல்கலைக் கழகத்தின் முதல் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்பவர், பட்டப் படிப்பின் முதல் ஈராண்டு வேறு, பின் ஈராண்டு வேறு என்று கருதினார். முதல் பகுதியைச் சிறிய கல்லூரிகளும் கற்பிக்கலாம். ஆராய்ச்சியோடு சேர்ந்த இரண்டாம் பகுதியே பல்கலைக் கழகத்தின் தனி வேலை என்பது அவர் கொள்கை. அதன் பயனாக 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் ஈராண்டுக் கல்லூரி ஒன்று தோன்றியது. கலிபோர்னியாவில் 1910-இல் பிரெஸ்னோ நகரில் அத்தகைய கல்லூரி ஒன்று எழுந்தது. பேஸ்பால் ஆட்டத்தில் நிறவெறித் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன், பாசடேனா நகரத்து ஈராண்டுக் கல்லூரியில் படித்துவிட்டு 1939-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக் கழகத்துக்கு மாறியவரே.

இதனைச் சட்டமாகவே ஆக்கியது கலிபோர்னியா. கிளார்க் கெர் என்பவர் அம்மாநிலப் பல்கலைக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, 1960-இல், உயர்கல்விக்குப் பெருந்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. பள்ளி மாணவரில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குப் பல்கலைக் கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரி, மற்ற எல்லோருக்கும் ஈராண்டுக் கல்லூரி என்று வகுத்தார்கள். இவ்வளவோடு நின்றிருந்தால் அது வெறும் தரம் பிரிப்பு. ஆனால் அத்திட்டம் இன்னொன்றும் செய்தது. பல்கலைக் கழகத்தில் முதல் ஈராண்டில் படிப்போர் நூற்றுக்கு நாற்பது பேராகவும், பின் ஈராண்டில் படிப்போர் அறுபது பேராகவும் இருக்க வேண்டும் என்றது. கீழே நாற்பது, மேலே அறுபது என்றால் இடையில் வருவோருக்கு இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது என்று பொருள். இன்றும் அப்பல்கலைக் கழகம், புதிதாகச் சேரும் இருவருக்கு ஒருவர் வீதம் இடையில் மாறி வருவோரைச் சேர்ப்பதைக் குறிக்கோளாகக் கொண்டுள்ளது.

தனியார் பல்கலைக் கழகங்களில் இத்தகைய ஒதுக்கீடு இல்லை. அங்கே நாகபுரிக் கதைதான். யாராவது விலகினால், விடுதியில் அறை காலியானால், சிலருக்கு இடம் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக் கழகம் 1990-இல் இடைச் சேர்க்கையை நிறுத்தி, 2018-இல்தான் மீண்டும் தொடங்கியது. ஹார்வர்டு 2008-இல் விடுதி நெருக்கடியைக் காரணம் காட்டி ஈராண்டுக்கு அதை நிறுத்தி வைத்தது. மாணவரின் தகுதிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இடம் கிடைக்காத நண்பர் மனம் ஒடிந்து போகுமுன் இதை நினைத்துக்கொள்வது நன்று. ஒபாமா ஆக்சிடென்டல் என்னும் சிறிய கல்லூரியில் ஈராண்டு படித்தபின் 1981-இல் கொலம்பியாவுக்கு மாறினார் என்பதை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். அதே ஆண்டு விண்ணப்பித்து இடம் பெறாதவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

சரி, இடையில் வருபவரை எதைக் கொண்டு எடை போடுகிறார்கள்? இங்கேதான் நம்மவர் பெரும்பாலும் தவறுகின்றனர். பன்னிரண்டாம் வகுப்பில் தொண்ணூற்றெட்டு விழுக்காடு வாங்கியதை விண்ணப்பத்தின் தலையில் எழுதுகிறார்கள். கல்லூரியில் ஈராண்டு முடித்தவரிடம் பள்ளி மதிப்பெண்ணுக்குப் பெரிய செல்வாக்கு இல்லை. கல்லூரியில் என்ன பாடங்களைப் படித்தார், எப்படிப் படித்தார் என்பதே முதல் கேள்வி. ஆகவே, "இந்தக் கல்லூரி எனக்குத் தகுந்ததன்று, எப்படியும் போகப் போகிறேன்" என்று வகுப்புக்குப் போகாமல் இருந்தவர், போவதற்குரிய வழியைத் தாமே அடைத்துவிடுகிறார். விட்டுப் போக விரும்பும் இடத்தில்தான் மிகுந்த முயற்சியோடு படிக்க வேண்டியிருக்கிறது! வேடிக்கையாகத் தோன்றினாலும் உண்மை இதுவே.

இரண்டாவது கேள்வி, ஏன் மாற விரும்புகிறீர் என்பது. தனியார் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலும் இதனை நேராகவே கேட்டுக் கட்டுரை எழுதச் சொல்கின்றன. கல்லூரியில் கற்பித்த ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் கேட்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் பரிந்துரை கேட்பதில்லை. நான்கு சிறு கட்டுரைகள் கேட்கிறது. ஒவ்வொன்றும் 350 சொற்களுக்கு மேற்படக் கூடாது. அவற்றுள் ஒன்று கட்டாயம். எடுத்துக்கொள்ளும் பாடத்துக்கு உம்மை எவ்வாறு ஆயத்தம் செய்துகொண்டீர் என்பதே அதன் பொருள்.

எங்கள் கல்லூரியில் ஆய்வுக்கூடம் மோசம், ஆசிரியர் குறிப்பு எழுதிப் போடுவதோடு சரி, விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்றெல்லாம் எழுதினால் படிப்பவருக்கு என்ன தோன்றும்? நாளைக்கு நம்மைப் பற்றியும் இவர் இப்படித்தான் எழுதுவார் என்று தோன்றும். மாறாக ஒரு மாணவியைக் கற்பனை செய்து பாருங்கள். விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். மீன்களின் மரபியலில் அவருக்கு ஆர்வம். அதற்குப் புள்ளியியல் வேண்டும். அவருடைய பாடத் திட்டத்தில் அதை எடுத்துக்கொள்ள இடமில்லை. பக்கத்துத் துறைப் பேராசிரியரிடம் அனுமதி பெற்று, மாலை வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து கற்கிறார். குளத்து மீன்களை அளந்து தாமே ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்க்கிறார். இனி மேலே போக உயிரியலும் கணிதமும் சேர்ந்த படிப்பு தேவை. அது இன்ன பல்கலைக் கழகத்தில் இருக்கிறது என்று எழுதுகிறார். இங்கே குறை கூறல் ஒரு வரி கூட இல்லை. இருக்கும் இடத்தில் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்திக்கொண்டார், அதற்கு மேல் அங்கே வழியில்லை என்பது தானே விளங்கிவிடுகிறது. இத்தகைய கட்டுரையை இரவல் வாங்க முடியாது. ஏஜெண்டும் எழுதித் தர முடியாது.

மூன்றாவது, படித்த பாடங்கள் அங்கே செல்லுமா என்பது. அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் மதிப்பலகுக் கணக்கில் நடப்பவை. கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் மூன்றாம் ஆண்டில் நுழைய 60 அலகுகள் வேண்டும்; அத்தோடு எடுத்துக்கொள்ளும் பாடத்துக்குரிய அடிப்படை வகுப்புகளும் முடிந்திருக்க வேண்டும். அங்குள்ள ஈராண்டுக் கல்லூரிகளின் எந்த வகுப்பு பல்கலைக் கழகத்தின் எந்த வகுப்புக்கு ஈடு என்று வரிசையாகப் பட்டியலே உண்டு. நம் நாட்டுக் கல்லூரிக்கு அத்தகைய பட்டியல் இல்லை. நம் பாடத் திட்டத்தை, வாரத்துக்கு எத்தனை மணி என்பது உட்பட, அனுப்பி மதிப்பிடச் செய்ய வேண்டும். சில பாடங்கள் ஏற்கப்படும், சில தள்ளப்படும். இங்கே ஈராண்டு படித்தவர் அங்கே முதல் ஆண்டின் நடுவிலிருந்து தொடங்க நேர்வதும் உண்டு. இன்னொன்று: மூன்றாம் ஆண்டையும் முடித்துப் பட்டம் பெற்றுவிட்டால், அதன்பின் பெரும்பாலான இடங்களில் இடைச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. காலம் தாழ்த்துவோர் இதை மறக்கலாகாது.

கலிபோர்னியாவின் வாயில் அகன்றது என்றேன். அது யாருக்கு அகன்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கு இடையில் சேர்வோருள் மிகப் பெரும்பாலோர் அம்மாநில ஈராண்டுக் கல்லூரிகளிலிருந்து வருபவர்கள், முதலிடம் அவர்களுக்கே. ஆகவே நம்மவர் சிலர் இங்கிருந்து நேராக விண்ணப்பிக்காமல், முதலில் அங்குள்ள ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து மாறுகின்றனர். டேவிஸ், இர்வைன், சாண்டா பார்பரா உள்ளிட்ட ஆறு வளாகங்கள், குறித்த பாடங்களைக் குறித்த தரத்தில் முடித்தால் இடம் உறுதி என்று அக்கல்லூரி மாணவருக்கு வாக்களிக்கின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சல்ஸும் சாண்டியாகோவும் அவ்வாறு வாக்களிப்பதில்லை.

பணத்தைப் பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும், வழக்கமான கட்டணத்துக்கு மேல், ஆண்டுக்கு 34,000 டாலருக்கு அதிகமான தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். தனியார் பல்கலைக் கழகங்களில் உதவித் தொகை உண்டு என்றாலும், பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதையும் பார்த்தே இடம் தருகின்றன. விசாவுக்கு முதல் ஆண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்டியாக வேண்டும். நிலத்தை அடகு வைத்து முதல் ஆண்டைக் கடந்து, இரண்டாம் ஆண்டில் தவித்து நிற்பதற்குப் பெற்றோர் ஆளாகக் கூடாது.

இந்த இடரை நம் நாட்டார் முன்பே கண்டிருக்கின்றனர். ஜெயப்பிரகாஷ் நாராயண் 1922-இல் கப்பலேறிச் சென்று, பெர்க்லியில் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். சில மாதங்களில் அங்கே கட்டணம் இருமடங்காயிற்று. அவரால் செலுத்த முடியவில்லை. அயோவாவுக்கு மாறினார், பின்னர் விஸ்கான்சின், அதன்பின் ஒகையோ. திராட்சைத் தோட்டத்திலும் உணவு விடுதியிலும் உழைத்துச் சம்பாதித்தார். அறிவியலை விட்டுச் சமூகவியலுக்கு வந்தார். 1929-இல் முதுகலைப் பட்டத்தோடு தாய்நாடு திரும்பினார். அவர் முதலில் மாறியது பெருமை தேடி அன்று, செலவு தாங்காமல். இன்றைய மாணவர் விசா விதியின்படி வெளியே விருப்பம்போல் வேலை செய்ய முடியாது என்பதால், அவர் வழி இன்று அப்படியே திறந்திருக்கவில்லை.

இறுதியாக, மிகவும் சிறியதாகத் தோன்றும் ஒரு செய்தி. மாறப் போகிறோம் என்றவுடன் நம்மவர் செய்யும் முதல் வேலை, கல்லூரி அலுவலகத்துக்குப் போய் டி. சி. கேட்பது. இங்கே ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாற அது தேவை. பழக்க தோஷத்தால் கேட்டுவிடுகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக் கழகம் டி. சி. கேட்பதில்லை. அது கேட்பது, இதுவரை எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக் கழகமே முத்திரையிட்டு அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட். அரியர் இருந்தால் அதுவும் அதில் தெரியும். அதை வாங்கக் கட்டணம் கட்டி, பலமுறை நடக்க வேண்டியிருக்கும். ஆகவே விண்ணப்பிக்கும் நாளுக்கு மிக முன்பே தொடங்குங்கள். கலிபோர்னியாவுக்கு நவம்பர் மாத முடிவு வரை காலம். தனியார் பல்கலைக் கழகங்கள் பலவற்றுக்கு மார்ச்சு.

டி. சி. வாங்கிய நாளிலேயே உங்கள் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். இடம் தந்தோம் என்ற கடிதம், எந்தெந்தப் பாடங்களை ஏற்றுக்கொண்டோம் என்ற எழுத்துப் பட்டியல், பணத்துக்கு உறுதி, விசா ஆகிய நான்கும் கைக்கு வரும்வரை இங்கே வகுப்புக்குப் போய்க்கொண்டிருங்கள், தேர்வையும் எழுதுங்கள். டி. சி.யைக் கடைசி வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம்.