கொதிநீரில் ஒரு மரபணுச் செல்வம்

புது தில்லி: இமாசலப் பிரதேச மாநிலம் மணிகரண் வெந்நீர் ஊற்றில் அரிசியை இட்டால் சோறாகிவிடும். அங்குள்ள குருத்வாராவில் பக்தர்களுக்கான உணவு இந்நீரின் வெப்பத்தில்தான் வேகிறது. இதே ஊற்றில் நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தில்லி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தனர். அங்கு பாயும் பார்வதி ஆற்றின் பெயரால் அது 'தெர்மஸ் பார்வதியென்சிஸ்' எனப்படுகிறது.

இதன் உறவினமான 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்', 1966-ல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் சேகரிக்கப்பட்டது. கடும் வெப்பத்திலும் எளிதில் சிதையாத அதன் நொதியே, மரபணுவைப் பல கோடிப் படிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். முறைக்கு அடித்தளமானது. கரோனா தொற்றைக் கண்டறிய உதவியதும் இம்முறையே. 1991-ல் அதன் காப்புரிமையை சுவிட்சர்லாந்தின் ரோச் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியது. பூங்காவுக்கு அதில் ஒரு காசும் கிடைக்கவில்லை.

இந்தியாவுக்கு அந்நிலை நேராதிருக்க, 2002-ல் நாடாளுமன்றம் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, இந்நாட்டு நுண்ணுயிர்களை ஆய்வுக்கோ வணிகத்துக்கோ பெற விரும்பும் வெளிநாட்டு நிறுவனங்கள், சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும். கிடைக்கும் பயனிலும் பங்களிக்க வேண்டும்.

எனினும், யானைத் தந்தத்தைப் போல நுண்ணுயிரைச் சோதனைச் சாவடியில் பிடித்துவிட முடியாது. சட்டைப் பையில் அடங்கும் ஒரு புட்டி நீரே போதும், அது எல்லை தாண்டிவிடும். எந்த ஊற்றில் என்ன வாழ்கிறது என்பதை முதலில் கண்டறிந்து பதிவு செய்தால்தான், பின்னர் உரிமை கோர ஆதாரம் இருக்கும்.